இறக்கிய சிறிய காருக்கு ரயர் அளவைத் தெரிவு செய்வது எப்படி: வாங்க முதல் செய்ய வேண்டியவை, வரிசைப்படி

ஸ்பிரிங் மாற்றிக் காரின் உயரத்தை இறக்கின பெடியன்கள் வந்து கேட்கும் முதல் கேள்வி, “அண்ணை, 195 போடலாமோ, 205 போடலாமோ?” என்பதுதான். பதில் சொல்ல முதல் நான் திருப்பிக் கேட்பது நாலு விஷயம். கதவு ஓரத்து ஸ்டிக்கரில் என்ன அளவு இருக்கிறது, ஸ்பிரிங் மாற்றி எத்தனை நாள், ரிம்மின் ஒஃப்செற் (சில்லு எவ்வளவு உள்ளே வெளியே நிற்கும் என்ற இலக்கம்) என்ன, பின்சீற்றில் மூன்று பேர் ஏறினால் மட்காட்டுக்கும் ரயருக்கும் இடையில் எத்தனை விரல் போகும்? அனேகமாக நாலுக்கும் பதில் இருக்காது, ஆனால் ரயர் மட்டும் வாங்கி வீட்டில் அடுக்கியிருக்கும்.

ரயர் அளவு இந்த வேலையில் கடைசியாக வரவேண்டிய முடிவு. கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள், ஏனென்றால் ஒவ்வொரு படியிலும் கிடைக்கும் இலக்கம் அடுத்த படிக்குத் தேவை.

1. தொடங்க முதல் கையில் இருக்க வேண்டியவை

மில்லிமீற்றர் போட்ட அளவுநாடா, வளையாத நேரான ஒரு இரும்புச் சட்டம், நல்ல ஜக், இரண்டு தாங்கி, நட்டுக் கழற்றும் சாவி, ரோர்க் சாவி (எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் சாவி), வெண்கட்டி, பிள்ளைகள் விளையாடும் களி கொஞ்சம், ஒரு கொப்பி. ரோர்க் சாவி இல்லாவிட்டால் கராஜில் இரவல் வாங்கலாம், தாங்கி இல்லாமல் மட்டும் தொடங்க வேண்டாம். ஜக்கை மட்டும் நம்பிக் காரின் கீழே கையை விடுவது எவ்வளவு பழகினவருக்கும் ஆபத்து. மண் தரையில் ஜக் சரியும், ஆகவே சீமெந்துத் தரையில் அல்லது தடித்த பலகை வைத்துச் செய்யுங்கள்.

கொப்பி எதற்கு என்று கேட்பார்கள். இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே அளவாக இருக்காது, பழைய கார்களில் 5 மி.மீ. வித்தியாசம் சாதாரணம். நாலு சில்லுக்கும் தனித்தனியாக எழுதாவிட்டால் எது எதன் இலக்கம் என்று பிறகு குழம்பும்.

2. ஸ்டிக்கரை வாசியுங்கள், காரில் இப்போது இருக்கும் ரயரை அல்ல

சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால் தூணிலோ கதவின் ஓரத்திலோ ஒட்டியிருக்கும். அதில் கம்பனி போட்ட ரயர் அளவும் காற்றழுத்தமும் இருக்கும். எங்கள் யாழ்ப்பாணத்தில் ஓடும் கார்களில் முக்கால்வாசி இரண்டு மூன்று கை மாறி வந்தவை. முந்தின சொந்தக்காரர் போட்ட ரயரை “ஒறிஜினல்” என்று நினைத்துக் கணக்குப் பார்த்தால் முதல் இலக்கமே பிழைத்துவிடும், மிச்சம் எல்லாம் அதன் மேல்தான் ஏறும்.

175/65/14 82ரி என்று இருக்கிறது என்று வைப்போம். 175 என்பது ரயரின் அகலம், மி.மீ.யில். 65 என்பது பக்கச்சுவர் அந்த அகலத்தில் எத்தனை வீதம் என்பது. 14 ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 82 என்பது பாரத்தைக் குறிக்கும் இலக்கம், 82 என்றால் ஒரு ரயர் 475 கிலோ தாங்கும். கடைசி எழுத்து வேகத்தைக் குறிக்கும்: ரி என்றால் மணிக்கு 190 கி.மீ., எச் என்றால் 210, வி என்றால் 240.

இதில் பாரத்தின் இலக்கத்தைத்தான் எல்லாரும் தவறவிடுகிறார்கள். 7ஆம் படியில் அது திரும்ப வரும்.

3. இறக்குகிற வேலையை முழுதாக முடியுங்கள், பிறகு கார் படியட்டும்

இன்று ஸ்பிரிங் மாற்றி நாளைக்கு அளவெடுக்க வேண்டாம். புது ஸ்பிரிங்கும் ரப்பர் புஷ்களும் ஓட ஓடத்தான் தங்கள் இடத்தில் அமரும். இரண்டு கிழமை வழமைபோல ஓடிவிட்டு அளந்தால் முதல் நாள் எடுத்த உயரத்திலிருந்து சில மி.மீ. குறைந்திருப்பதைப் பார்ப்பீர்கள். மட்காட்டுக்கும் ரயருக்கும் இடையில் மொத்தமே 20 மி.மீ. இருக்கிற காரில் அந்தச் சில மி.மீ. பெரிய விஷயம்.

ஸ்பிரிங் வெட்டுவது பற்றி ஒன்று சொல்லவேண்டும். காசு மிச்சம் என்று சுருளை வெட்டுகிறவர்களும், காஸ் சுவாலையில் சூடாக்கி இறக்குகிறவர்களும் இருக்கிறார்கள். சூடாக்கின ஸ்பிரிங் தன் பதத்தை இழந்துவிடும், பிறகு எவ்வளவு இறங்கும் என்று யாருக்கும் சொல்ல முடியாது. வெட்டின ஸ்பிரிங் சில்லு தொங்கும்போது தன் இருக்கையை விட்டு விலகலாம். இந்த இரண்டும் உங்கள் காரில் இருந்தால் ரயர் அளவைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம், முதலில் அதற்கென்று செய்த ஸ்பிரிங்கையும் அதற்கேற்ற சொக்கையும் (சொக் அப்சோபர்) போடுங்கள். ரயருக்கு வைத்திருக்கும் காசு அங்கே போனாலும் பரவாயில்லை.

கார் படிந்த பிறகு அலைன்மென்ற், அதாவது சில்லுகள் நிற்கும் கோணம், ஒருமுறை பாருங்கள். இறக்கும்போது சில்லின் மேல்பக்கம் உள்ளே சாயும், சில்லின் முன்பக்கம் பார்க்கும் திசையும் (முன்நோக்கு) மாறும். அதைச் சரிப்படுத்தாமல் அளந்தால் பிழையான இடத்தில் நிற்கும் சில்லைத்தான் அளக்கிறீர்கள்.

4. மொத்த விட்டத்தைக் கணக்குப் பாருங்கள்

இது பெருக்கலும் கூட்டலும்தான். அகலத்தைப் பக்கச்சுவர் வீதத்தால் பெருக்கி 100ஆல் பிரித்தால் பக்கச்சுவரின் உயரம். அதை இரண்டால் பெருக்கி, ரிம் அங்குலத்தை 25.4ஆல் பெருக்கி வருவதோடு கூட்டினால் மொத்த விட்டம்.

175/65/14க்குப் பக்கச்சுவர் 113.75 மி.மீ., விட்டம் 583.1. இதே காருக்கு 15 அங்குல ரிம்மில் 185/55/15 போட்டால் 584.5, கிட்டத்தட்ட அதே விட்டம். 16 அங்குலத்தில் 195/45/16 போட்டால் 581.9, அதுவும் பொருந்தும். ஆனால் கடையில் மலிவாகக் கிடைத்தது என்று 195/55/15 வாங்கினால் 595.5. வித்தியாசம் 12 மி.மீ.தான் என்று தோன்றும், ஆனால் சில்லின் மேல்விளிம்பு 6 மி.மீ. மட்காட்டை நோக்கி ஏறிவிட்டது, நீங்கள் ஏற்கெனவே காரை 40 மி.மீ. இறக்கியிருக்கிறீர்கள்.

என் வழக்கம், இறக்கின காரில் கம்பனி விட்டத்தை விட ஒன்றிரண்டு மி.மீ.க்கு மேல் கூடவிடுவதில்லை, குறைந்தால் 3 வீதத்துக்குள் நிற்பது. கூடினால் உரசும். நிறையக் குறைந்தால் என்ன நடக்கும் என்பதற்கு என் பழைய சிவிக்கையே சொல்கிறேன். அதன் சொந்த அளவு 175/70/13, விட்டம் 575.2. நான் முதலில் போட்டது 195/45/15, விட்டம் 556.5. மீற்றர் 70 காட்டும்போது கார் உண்மையில் ஓடினது 68க்குக் கொஞ்சம் குறைய, ஓடாத கிலோமீற்றரை மீற்றர் எண்ணியது, காரின் அடிப்பாகம் இன்னும் 9 மி.மீ. நிலத்துக்குக் கிட்டப் போனது. பிறகு 195/50/15க்கு மாறினேன், விட்டம் 576. கார் அப்போதுதான் சரியாக நின்றது.

விட்டம் கூடினால் மீற்றர் மறுபக்கமாகப் பொய் சொல்லும். 3.5 வீதம் கூடின ரயரில் மீற்றர் 70 காட்டும்போது நீங்கள் 72க்கு மேல் ஓடுகிறீர்கள். ஏ9 வீதியில் வேக எல்லை உண்டு என்பதை நினைவில் வையுங்கள்.

5. ரிம்மைத் தீர்மானியுங்கள்

ரயர் சரியாக இருந்தும் ரிம் பிழைத்ததால் முழுச் செற்றையும் விற்றவர்களைத்தான் நான் கூடுதலாகப் பார்த்திருக்கிறேன். நாலு விஷயம் பார்க்கவேண்டும்.

முதலாவது துளைகளின் வட்டம், பிசிடி என்று கதைப்பது. சிறிய கார்களில் பெரும்பாலும் 4 × 100, அதாவது நாலு துளை, 100 மி.மீ. விட்ட வட்டம். சில கார்களில் 4 × 114.3. கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், ஒன்றுக்கு மற்றது ஏறாது. “கொஞ்சம் இழுத்துப் பூட்டினால் சரி” என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள்.

இரண்டாவது ரிம்மின் நடுத்துளை, காரின் ஹப் (சில்லு பூட்டும் நடுப்பகுதி) போய் அமரும் இடம். ரொயோட்டா, சுசுகி சிறிய கார்களில் ஹப் 54.1 மி.மீ., ஹொண்டாவில் 56.1. வெளியில் விற்கும் அலாய் ரிம் பல கார்களுக்கும் போகட்டும் என்று 67.1 அல்லது 73.1 துளையோடு வரும். நடுவில் உள்ள இடைவெளிக்கு வளையம் போடாவிட்டால் சில்லு மையத்தில் நிற்பது நட்டுகளின் தயவில் மட்டும்தான். 70ஐத் தாண்டும்போது ஸ்ரியரிங் நடுங்கி, பலன்ஸ் பார்த்தும் போகவில்லை என்று வருகிற கார்களில் முதலில் இதைத்தான் தேடுவேன்.

மூன்றாவது ஒஃப்செற். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் படும் முகம் எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்பது. ரிம்மின் உட்பக்கத்தில் ஈரி 45, ஈரி 38 என்று அடித்திருக்கும். இலக்கம் குறையக் குறையச் சில்லு வெளியே வரும். ஒரு கணக்குப் பார்ப்போம். பழைய ரிம் ஈரி 45, ரயர் 175. புதிய ரிம் ஈரி 38, ரயர் 195. ஒஃப்செற் 7 குறைந்ததால் சில்லின் நடு 7 மி.மீ. வெளியே வருகிறது. ரயர் 20 மி.மீ. அகலமானதால் பக்கத்துக்கு 10. வெளிப்பக்கம் 10உம் 7உம் சேர்ந்து 17 மி.மீ. வெளியே, உட்பக்கம் 10இல் 7 போக 3 மி.மீ. உள்ளே. இது அனேக கார்களில் சமாளிக்கக்கூடிய இலக்கம். அதே ரயர் ஈரி 20 ரிம்மில் என்றால் வெளியே 35 மி.மீ.! இறக்கின காரில் அது மட்காட்டின் மடிப்பை நேரே வெட்டப் போகும்.

இப்போது காரில் இருக்கும் சில்லை வைத்து இரண்டு இடைவெளிகளை அளந்து கொப்பியில் எழுதுங்கள். உள்ளே ரயருக்கும் சொக்குக்கும் இடையில் எவ்வளவு, வெளியே ரயரின் பக்கத்துக்கும் மட்காட்டின் விளிம்புக்கும் இடையில் எவ்வளவு. வெளியே அளக்க மட்காட் விளிம்பிலிருந்து ஒரு நூலில் நட்டைக் கட்டித் தொங்கவிட்டால் காணும், இரும்புச் சட்டத்தை ரயரோடு நேரே பிடித்து நூலுக்கு உள்ள தூரத்தைப் பாருங்கள். அந்த இடைவெளிகளில் மேலே சொன்ன கணக்கைக் கழியுங்கள். உள்ளே 8 மி.மீ.க்குக் குறைய நான் விடமாட்டேன், ஏனென்றால் ரயரில் எழுதியிருக்கும் அகலமும் உண்மையான அகலமும் கம்பனிக்குக் கம்பனி சில மி.மீ. மாறும், அகலமான ரிம்மில் அதே ரயர் இன்னும் விரியும்.

நாலாவது நட்டு. ஹொண்டாவின் சொந்த ரிம்முக்கு நட்டின் அடி உருண்டையாக இருக்கும், வெளியில் வாங்கும் ரிம்முக்குப் பெரும்பாலும் கூம்பாக இருக்கவேண்டும். மாறிப் போட்டால் இறுகினது போலத் தெரியும், ஆனால் நட்டு ரிம்மில் படுவது ஒரு மெல்லிய கோட்டில் மட்டும்தான், ஓட ஓட இளகும். நட்டின் புரியையும் பாருங்கள்: ஹொண்டா, ரொயோட்டாவுக்கு 12 × 1.5, சுசுகி, நிசானுக்கு 12 × 1.25. ஸ்பேசர் (ஹப்புக்கும் ரிம்முக்கும் இடையில் வைக்கும் தட்டு) போடுகிறவர்கள் நட்டை ஏற்றும்போது சுற்றை எண்ணுங்கள். 1.5 புரியில் குறைந்தது 8 முழுச் சுற்று, 1.25இல் 10. அதற்குக் குறைந்தால் அந்த ஸ்பேசர் உங்கள் காருக்கு இல்லை.

6. அகலத்தையும் பக்கச்சுவரையும் ஊர் வீதிக்கு ஏற்பத் தெரிவு செய்யுங்கள்

விட்டக் கணக்கில் மூன்று நாலு அளவுகள் தேறும். அதில் எதை எடுப்பது என்பதை நீங்கள் ஓடும் வீதி சொல்லும். பிரதான வீதியால் வந்து ஒழுங்கைக்குள் திரும்புகிறோம், கல் கிளம்பின இடம், கானுக்கு மேல் போட்ட சீமெந்துச் சரிவு, கேற்றடி வாசல். ஐப்பசி, கார்த்திகையில் மழைத்தண்ணீர் நின்றால் கிடங்கு எங்கே என்றே தெரியாது. 45 பக்கச்சுவர் அந்தக் கிடங்கில் விழும்போது ரிம்முக்கும் வீதிக்கும் இடையில் ரப்பர் நசுங்கி உள்ளே நூல் அறும், அடுத்த நாள் பக்கத்தில் முட்டை போல ஒரு வீக்கம் வரும். அந்த ரயரைத் திருத்த முடியாது.

ஆகவே யாழ்ப்பாணத்துக்குள் தினமும் ஓடும் காருக்கு என் எல்லை 50 பக்கச்சுவர், உயரத்தில் சொன்னால் 95 மி.மீ.க்குக் குறையாமல். 185/55/15இல் 101.75 இருக்கிறது, 195/50/15இல் 97.5. இரண்டும் நல்ல அளவுகள். 195/45/16இல் 87.75தான். விட்டம் சரி, காரும் வடிவாக நிற்கும், ஆனால் வருடத்துக்கு ஒரு ரிம் நெளிவதைத் தாங்கக் கூடியவர்களுக்கு மட்டும் அதைச் சொல்வேன்.

ரிம்மின் அகலமும் ரயரும் பொருந்தவேண்டும். 195/50/15 ரயர் 5.5இலிருந்து 7 ஜே (ரிம்மின் அகலம், அங்குலத்தில்) வரை, 185/55/15 ரயர் 5இலிருந்து 6.5 ஜே வரை. ஒடுங்கின ரயரை அகலமான ரிம்மில் இழுத்துப் பூட்டுவது படத்தில் நன்றாகத் தெரியும், ஆனால் பக்கச்சுவர் வெளியே சரிந்து ரிம்மின் விளிம்பைக் காக்காமல் விட்டுவிடும், காற்றுக் குறைந்தால் ரயர் ரிம்மை விட்டுக் கழரவும் பார்க்கும்.

7. பாரத்தின் இலக்கம் குறையக்கூடாது

ஸ்டிக்கரில் 82 என்றால் புதிய ரயரிலும் 82 அல்லது கூட. பக்கச்சுவர் குறையக் குறைய இந்த இலக்கம் ஓசைப்படாமல் இறங்கும். நான் முதலில் போட்ட 195/45/15இல் இருந்தது 78, அதாவது 425 கிலோ. ஒரு ரயருக்கு 50 கிலோ குறைவு, நாலுக்கும் 200 கிலோ. வீட்டில் ஐந்து பேர், டிக்கியில் சாமான், கொழும்புக்கு இரவுப் பயணம் என்றால் அந்த 200 கிலோவைத்தான் ரயரிடம் கடன் கேட்கிறீர்கள். 195/50/15இல் 82 கிடைக்கும்.

சில குறைந்த சுவர் ரயர்களில் எக்ஸ்எல் என்று போட்டிருக்கும். அது கூடப் பாரம் தாங்கச் செய்தது, ஆனால் காற்றும் கூட அடித்தால்தான் அந்தப் பாரத்தைத் தாங்கும். ஸ்டிக்கரில் உள்ள அழுத்தத்தையே அடித்துவிட்டு எக்ஸ்எல் போட்டிருக்கிறேன் என்று நிம்மதியாக இருக்க முடியாது.

8. ஒரேயொரு ரயரை ஏற்றிச் சோதியுங்கள்

நாலையும் ஒரேயடியாக ரிம்மில் ஏற்றாதீர்கள். ஏற்றின ரயரைக் கடைக்காரர் திருப்பி எடுக்கமாட்டார், அதில் பிழையும் இல்லை. ஒன்றை ஏற்றி, முதலில் முன்பக்கம் பூட்டி, ஸ்ரியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாக வெட்டிப் பாருங்கள். பிறகு பின்பக்கம் பூட்டுங்கள். மட்காட்டின் உள்மடிப்பிலும் சொக்குக்குக் கிட்டவும் கடலை அளவில் களி ஒட்டி, களியில் ரயரைப் பார்க்கும் பக்கத்தில் கொஞ்சம் எண்ணெய் தடவுங்கள், ரயரோடு ஒட்டிப் போகாமல் இருக்க. ரயரின் தோளில் வெண்கட்டியால் கோடு போடுங்கள்.

பின்சீற்றில் மூன்று பேரை ஏற்றி, டிக்கியில் ஒரு மூடை அரிசி வைத்து, வேகத்தடை ஒன்றில் மெல்ல ஏறி இறங்குங்கள். பிறகு வளைத்துக்கொண்டு ஒரு ஒழுங்கைச் சரிவில் ஏறுங்கள், ரிவேர்ஸிலும் ஒருமுறை. களி எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்று அளந்தால் மிச்சமுள்ள இடைவெளி தெரியும். வெண்கட்டிக் கோடு அழிந்த இடத்தில் ரயர் உரசியிருக்கிறது.

வெறும் காரில் மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தியாகப் போகிறவர்கள்தான் பலர். எனக்குத் தெரிந்த ஒரு தம்பி 205/45/16 போட்டு ஒரு மாதம் சத்தமில்லாமல் ஓடினான், தனியாக. கலியாண வீட்டுக்கு நாலு பேரை ஏற்றிக்கொண்டு வவுனியாப் பக்கம் போன அன்றுதான் பின் மட்காட்டின் மடிப்பு இரண்டு ரயரின் தோளையும் சுற்றிவரச் செதுக்கியது. யாருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. வீட்டில் ஒரு மூடை அரிசி வைத்துப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும் என்று இன்றும் எனக்குக் கவலைதான்.

கொஞ்சமாக உரசினால், முன்பக்க பிளாஸ்ரிக் மறைப்பை ஸ்குரூ தளர்த்திப் பின்தள்ளலாம், பின் மடிப்பை வெப்பக்காற்றால் சூடாக்கி மெல்ல உருட்டலாம், பெயின்ற் வெடிக்காமல். நிறைய உரசினால் அளவு பிழை. 5ஆம் படிக்குத் திரும்புங்கள்.

9. ரயர் வாங்கும்போது பார்க்க வேண்டியது

பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019இன் 23ஆவது கிழமையில் செய்தது. பாவித்த ஜப்பான் ரயர் வாங்குகிறவர்கள் பூவின் (வீதியில் படும் முகத்தில் உள்ள வெட்டுகளின்) ஆழத்தை மட்டும் பார்க்கிறார்கள். பூ இருக்கும், ஆனால் ரப்பர் கிழடாகியிருக்கும். எங்கள் வெயிலில் அது கெதியாக வெடிக்கும். பக்கச்சுவரை வளைத்துப் பிடித்து நுண்ணிய வெடிப்பு இருக்கிறதா பாருங்கள், உள்ளே கையை விட்டுப் பழைய ஒட்டு இருக்கிறதா தடவிப் பாருங்கள். நாலும் ஒரே வகையாக இருக்கட்டும், முடியாவிட்டால் ஒரு அச்சில் உள்ள இரண்டு ரயராவது.

10. பூட்டுவதும் அதற்குப் பிறகும்

ஹப்பின் முகத்தில் உள்ள துருவைக் கம்பித் தூரிகையால் சுரண்டிவிட்டுப் பூட்டுங்கள். பண்ணைப் பாலத்தால் தீவுப்பக்கம் போய்வரும் கார்களில் உப்புக் காற்றால் இது கூடுதலாக இருக்கும், துரு இடையில் நின்றால் சில்லு நேராக அமராது. நட்டுகளைக் குறுக்காக, இரண்டு மூன்று தரமாக இறுக்குங்கள். ஹொண்டாவுக்கு 108 நியூட்டன் மீற்றர், ரொயோட்டாவுக்கு 103. 100 கிலோமீற்றர் ஓடின பிறகு திரும்பவும் ஒருமுறை சாவி போடுங்கள், அலாய் ரிம் அமரும்போது நட்டு கொஞ்சம் இளகும்.

பிறகு அலைன்மென்ற் திரும்பவும், இந்தமுறை புதுச் சில்லோடு. ரயரின் உட்பக்கம் மட்டும் தேய்ந்தால் எல்லாரும் சாய்வைக் குறை சொல்வார்கள். நான் பார்த்த கார்களில் கூடுதலாகத் தின்றது முன்நோக்கின் பிழைதான். சாய்வு ஒன்று, ஒன்றரைப் பாகை இருந்தாலும் முன்நோக்கு சரியாக இருந்தால் ரயர் நல்லபடி ஓடும்.

காற்றை விடியக்காலையில், கார் ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். ஸ்டிக்கரில் உள்ள அளவிலிருந்து தொடங்கி, அதற்குக் குறைய விடாதீர்கள். மாதத்துக்கு ஒருமுறை ஸ்ரியரிங்கை முழுதாக வெட்டி வைத்து, கைபேசி வெளிச்சத்தில் உட்பக்கத் தோளைப் பாருங்கள். நின்றபடி பார்த்தால் தெரியாத பக்கம் அது, நூல் வெளியே வந்த பிறகும் வெளிப்பக்கம் புதுசுபோலத்தான் இருக்கும்.